அண்ணாச்சி பதில்கள்: தாளின் தலையில் என்ன எழுதியிருக்கிறது?

போன இதழில் சென்னா (நிலாவாரை) இலை ஏற்றுமதியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஐரோப்பாவில் ஒரு தாள் மாறினால் சாத்தான்குளத்துச் செம்மண்ணில் விலை மாறுகிறது என்று சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த முறை முழுக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத் தாள்களைப் பற்றியே பேசுகிறேன். தூத்துக்குடியில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் டாக்குமென்ட் பார்த்தே 31 வருஷம் கழித்தவன் நான். வக்கீல் இல்லை. கையில் பட்ட தாள்களையும் பட்ட அடியையும் வைத்துச் சொல்கிறேன்.

மூலிகை வியாபாரி, சாத்தான்குளம்:
அண்ணாச்சி, ஜெர்மனி பார்ட்டி அனுப்புகிற மெயிலில் ஒரு தடவை ரெகுலேஷன் என்கிறார், ஒரு தடவை டைரக்டிவ் என்கிறார், அப்புறம் இம்ப்ளிமென்டிங் ரெகுலேஷன் என்கிறார். எல்லாம் ஐரோப்பியச் சட்டம்தானே? எதற்கு இத்தனை பேர்? எதை முதலில் பார்க்க வேண்டும்?

தலைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் தம்பி. உள்ளே இருக்கும் எண்களையும் அட்டவணைகளையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தாளின் தலையில் இருக்கிற அந்த ஒரு சொல், உங்களுக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற இரண்டையும் சொல்லிவிடும்.

ஒன்றியத்தில் 27 நாடுகள். அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தத்தின் 288-ஆவது பிரிவு, ஒன்றியத்தின் அமைப்புகள் எந்தெந்த வகைத் தாள் போடலாம் என்று சொல்கிறது. ரெகுலேஷன், டைரக்டிவ், டெசிஷன், ரெகமண்டேஷன், ஒப்பீனியன் என்று ஐந்து. தமிழில் ஒழுங்குவிதி, நெறியாணை, முடிவு, பரிந்துரை, கருத்துரை என்று எழுதலாம். ஆனால் துறைமுகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் வழக்கில் உள்ளபடியே எழுதுகிறேன்.

நம் தாமிரபரணியை வைத்துச் சொல்கிறேன். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறக்க அரசாணை வருகிறது. எந்தத் தேதி முதல், எத்தனை நாள், எந்தெந்தக் கால்வாய்க்கு என்று அதில் இருக்கும். கோடகன் கால்வாய்ப் பாசனக்காரர்கள் கூடி, அதை ஏற்றுக்கொள்வதாக ஒரு தீர்மானம் போட வேண்டியதில்லை. தேதி வந்தால் தண்ணீர் வரும். ரெகுலேஷன் அப்படி. 27 நாட்டிலும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், நேராக அமலாகும். சொல்லப்போனால், ஒரு நாடு அதைத் தன் சட்டம்போல மறுபடி எழுதி வெளியிட்டு, அது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவும் கூடாது என்று 1973-லேயே லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதுவே, "ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாக் குளமும் தூர்வாரி இருக்க வேண்டும், மண்வெட்டியால் வாருகிறீர்களோ பொக்லைன் வைத்து வாருகிறீர்களோ உங்கள் ஊர்ப் பாடு" என்று ஒரு உத்தரவு வந்தால் அது டைரக்டிவ். போய்ச் சேர வேண்டிய இடம் கட்டாயம். போகும் வழி அந்தந்த நாட்டின் விருப்பம். ஒவ்வொரு நாடும் குறித்த தேதிக்குள் தன் சட்டத்தை அதற்கேற்ப எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இரண்டு வருஷம் கொடுப்பார்கள்.

வாய்க்கால் புறம்போக்கில் நீ கட்டிய சுவரை எடு என்று ஒரு ஆளுக்கு மட்டும் வரும் நோட்டீஸ் மாதிரி டெசிஷன். யார் பேருக்கு வருகிறதோ அவரைக் கட்டுப்படுத்தும். இந்தப் பிசானப் பருவத்துக்குக் குறுகிய கால ரகம் போடுங்கள் என்று வேளாண்மை அலுவலர் சொல்வது மாதிரி ரெகமண்டேஷன். ஒப்பீனியன் என்றால் ஒரு விஷயத்தில் தன் கருத்தை எழுத்தில் சொல்வது. இந்தக் கடைசி இரண்டுக்கும் கட்டாயப்படுத்தும் பலம் கிடையாது. நீங்கள் கேட்ட இம்ப்ளிமென்டிங் ரெகுலேஷன், பெரிய சட்டத்தின் கீழ் அன்றாட விவரங்களை நிரப்ப வரும் ரெகுலேஷன். அதைக் கடைசிக் கடிதத்தில் சொல்கிறேன்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். பயிரில் தங்கும் பூச்சிமருந்து எச்சத்துக்கான அளவுகள் வெகுகாலம் டைரக்டிவ்களில்தான் இருந்தன. அதில் சொல்லாத மருந்துக்கு நாட்டுக்கு நாடு வேறு அளவு. நாங்களும் ஸ்பெயினுக்கு ஒரு கணக்கு, ஜெர்மனிக்கு ஒரு கணக்கு என்று நோட்டில் எழுதி வைத்துப் பழகியிருந்தோம். அப்புறம் 396/2005 என்ற ரெகுலேஷன் வந்தது. அதன் அளவுகள் 2008 செப்டம்பர் 1 முதல் எல்லா நாட்டுக்கும் ஒன்றாக அமலாயின. தனியாக அளவு சொல்லாத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று பொதுவாக ஒரு கோடு. இது எங்கள் மேஜைக்கு வந்தபோது நான் தலைப்பைப் படிக்கவில்லை. "அந்த நாடு தன் சட்டத்தை மாற்றட்டும், அதுவரை பழைய அளவுதான்" என்று முதலாளியிடம் சொன்னேன். தென் ஐரோப்பாவுக்குப் போன எங்கள் லாட் அந்த வருஷக் கடைசியில் ஆய்வில் தேறாமல் திரும்பி வந்தது. கப்பல் கூலி, ஆய்வுக் கூலி எல்லாம் போனதைவிட, இலை கொடுத்த சம்சாரிகளுக்குப் பொங்கல் கழிந்த பிறகும் பாக்கி நின்றதுதான் இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. அவர்கள் ரெகுலேஷனும் படிக்கவில்லை, டைரக்டிவும் படிக்கவில்லை. படிக்க வேண்டியவன் நான்.

சரி, உங்கள் சரக்குக்கு வருகிறேன். சென்னா, நிலாவாரை, சில ஊர்களில் அவுரி என்றுகூடச் சொல்கிறோம் (நீலச் சாயத்து அவுரி வேறு செடி). இந்த ஒரே இலைக்கு ஐரோப்பாவில் இரண்டு வாசல் உண்டு. மருந்துக்காரர் வாங்கினால் அது 2001/83 என்ற டைரக்டிவின் கீழ் வரும். அதில் 2004/24 என்ற இன்னொரு டைரக்டிவ் பாரம்பரிய மூலிகை மருந்துகளுக்கென்று ஒரு எளிய பதிவு முறையைச் சேர்த்தது. 30 வருஷம் மருந்தாகப் புழங்கியிருக்க வேண்டும், அதில் 15 வருஷம் ஒன்றியத்துக்குள் புழங்கியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம் சித்த மருந்துகள் பலவும் தடுமாறுவது அந்த 15 வருஷத்தில்தான். சென்னாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மலச்சிக்கலுக்குக் குறுகிய காலம் எடுக்கும் மருந்தாக அது அங்கே எப்போதோ நிலைபெற்றுவிட்டது. ஆனால் டைரக்டிவ் என்பதால் அதை மட்டும் படித்துவிட்டு உட்கார முடியாது. ஜெர்மனிக்காரர் பின்பற்றுவது ஜெர்மனியின் மருந்துச் சட்டத்தை. பிரான்ஸ்காரர் பின்பற்றுவது பிரான்ஸின் சட்டத்தை. எனவே மருந்துக் கம்பெனிக்கு அனுப்பும்போது, "உங்கள் நாட்டுச் சட்டத்தில் எந்தப் பிரிவு?" என்று வாங்குபவரிடமே கேளுங்கள். கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்கிறவரைத்தான் அவர்கள் மதிப்பார்கள்.

அதே இலையை உணவுச் சேர்க்கைக்காரர் (சாப்பாட்டோடு கூட எடுக்கும் சத்து மாத்திரை, பொடி செய்பவர்) வாங்கினால் கதை வேறு. அங்கே உணவில் சேர்க்கும் சத்துகளைப் பற்றிய 1925/2006 என்ற ரெகுலேஷன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, சென்னா, கற்றாழை, ரேவல்சின்னி ஆகியவற்றில் உள்ள பேதிச் சத்தை ஆராய்ந்து, உணவில் தினசரி இவ்வளவு எடுத்தால் கவலையில்லை என்று சொல்ல ஒரு அளவைத் தரமுடியவில்லை என்று அறிவித்தது. அதைத் தொடர்ந்து 2021 மார்ச்சில் 2021/468 என்ற ரெகுலேஷன் வெளியாகி, சென்னா தயாரிப்புகளைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. ஏப்ரலில் அமலுக்கு வந்துவிட்டது. பொதுவாக வேறு தேதி சொல்லாவிட்டால், அரசிதழில் வெளியான 20-ஆம் நாள் அமல். 2004-ஆம் வருஷத்து டைரக்டிவையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சந்தையில் இருந்த மூலிகை மருந்துகளுக்கு 2011 ஏப்ரல் வரை, அதாவது ஏழு வருஷம் கொடுத்தார்கள். ஒரே இலைதான். ஒரு வாசலில் ஏழு வருஷம், இன்னொன்றில் இருபது நாள்.

எண்ணிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. யூர்-லெக்ஸ் என்பது அவர்களுடைய சட்டத் தளம், இலவசம். அதில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நீள எண் இருக்கும். முதலில் 3, அப்புறம் வருஷம், அப்புறம் ஒரு ஆங்கில எழுத்து, அப்புறம் வரிசை எண். அந்த எழுத்து ஆர் என்றால் ரெகுலேஷன், எல் என்றால் டைரக்டிவ், டி என்றால் டெசிஷன், ஹெச் என்றால் ரெகமண்டேஷன். 31 வருஷ அனுபவத்தில் எனக்கு அதிகம் உதவியது இந்த ஒரு எழுத்துதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். களை எடுக்கும்போது தேள்கொடுக்கும் கிலுகிலுப்பையும் சென்னாவோடு கலந்து வராமல் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் களைகளில் ஈரலைக் கெடுக்கும் ஒரு நச்சு இருக்கிறது. மூலிகைத் தேநீரில் அதற்கு 2022 ஜூலை முதல் உச்ச அளவு உண்டு. அதுவும் ரெகுலேஷன்தான். வரப்போரத்துக் களை இரண்டு பிடி கலந்தாலும் ஹாம்பர்க் ஆய்வுக்கூடத்தில் தெரிந்துவிடும்.

சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி:
ஐயா, டைரக்டிவ் என்றால் ஒவ்வொரு நாடும் தன் சட்டம் எழுத வேண்டும் என்கிறார்கள். ஒரு நாடு எழுதாமலே இருந்துவிட்டால்? அந்த நாட்டுச் சாமானிய மனிதருக்கு என்ன வழி?

நல்ல கேள்வி அம்மா. நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

இத்தாலியில் விசென்சா பக்கம் ஒரு கம்பெனி நொடித்துப்போனது. ஆட்களுக்குச் சம்பளப் பாக்கி. முதலாளி திவாலானாலும் தொழிலாளியின் சம்பளத்துக்கு உத்தரவாதம் இருக்க வேண்டும் என்று 1980-லேயே ஒரு டைரக்டிவ், 80/987, போட்டிருந்தார்கள். நாடுகளுக்குக் கெடு 1983. இத்தாலி அதற்கான சட்டத்தை எழுதவே இல்லை. ஃபிராங்கோவிச் என்ற தொழிலாளியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1991 நவம்பரில் தீர்ப்பு. டைரக்டிவ் தனிமனிதருக்கு உரிமை தருகிறது, அந்த உரிமை எது என்பது அதிலேயே தெளிவாகத் தெரிகிறது, அரசு அதை எழுதாததால்தான் அவருக்கு நஷ்டம் என்றால், அந்த அரசே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

மில் மூடினபின் பாக்கிச் சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் அலைந்தவர்களை நம் பக்கத்திலும் நான் பார்த்திருக்கிறேன். கூட்டுறவுக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கிக்கொண்டு, சங்கத்துக் கூட்டத்துக்கு சைக்கிளில் வந்து போனவர்கள். அதனால் இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அது வெறும் சட்டப் பாடமாகத் தெரியவில்லை. சட்டம் எழுதாமல் சும்மா இருப்பதும் ஒரு தப்புதான், அதற்கும் அரசு பொறுப்பு ஏற்க வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது பெரிய காரியம்.

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமும் சும்மா இருக்காது. கெடு தாண்டினால் நோட்டீஸ் விடும், கேட்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகும், அபராதம் வரைக்கும் போகும்.

நீங்கள் தேர்வுக்குப் படிக்க இன்னொரு வழக்கு. 1963-ஆம் வருஷத்து வான் கெண்ட் என் லோஸ். அது டைரக்டிவ் பற்றியதல்ல, ஒப்பந்தத்தைப் பற்றியது. ஆனால் வேர் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு ஒரு ரசாயனச் சரக்கைக் கொண்டுவந்த சரக்குக் கம்பெனிக்கு 3 சதவீதத்துக்குப் பதில் 8 சதவீதம் சுங்கம் போட்டார்கள். நாடுகள் தங்களுக்குள் சுங்கத்தை ஏற்றக்கூடாது என்று ரோம் ஒப்பந்தத்தில் இருந்தது. அது நாடுகளுக்கு இடையிலான பேச்சு, கம்பெனிக்கு என்ன உரிமை என்று அரசு வாதாடியது. ஒப்பந்தத்தின் பலனைச் சாமானியரும் நேராகக் கேட்கலாம் என்று தீர்ப்பு. ஒரு சுங்கப் பில்லிலிருந்து பிறந்த கொள்கை இது. டாக்குமென்ட் மேஜையில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு இந்த வழக்கின் மேல் தனிப் பிரியம்.

டைரக்டிவ் நாட்டுச் சட்டமாக மாறும்போது எப்படியிருக்கும் என்று பார்க்க, 2019/904 எடுத்துப் படியுங்கள். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பற்றியது. பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் எல்லாம் 2021 ஜூலை 3 முதல் சந்தைக்கு வரக்கூடாது. நம் தமிழ்நாட்டில் தடை 2019 ஜனவரி 1-லேயே வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதினால் உங்கள் ஆசிரியர் மகிழ்வார்.

பாய் நெய்பவரின் மகள், பத்தமடை:
அண்ணாச்சி, நாங்கள் கோரைப் பாயும் மேஜை விரிப்பும் ஆன்லைனில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தோம். இப்போது "ஐரோப்பாவுக்குள் பொறுப்பாளர் யார்?" என்று தளம் கேட்கிறது. இல்லாவிட்டால் பொருளை எடுத்துவிடுவோம் என்கிறது. பாய்க்கு எதற்கம்மா பொறுப்பாளர் என்று அம்மா கேட்கிறாள்.

உங்கள் அம்மா கேட்பது நியாயம். விரலால் கோரையைக் கிழித்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, பட்டு மாதிரி நெய்கிற பாயில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது? ஆனால் சட்டம் பாயைப் பார்த்து எழுதப்படவில்லை. எங்கிருந்தோ வந்த மலிவுப் பொருளில் தீ பிடித்தால், பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால், யாரைப் பிடிப்பது என்பதுதான் அவர்கள் கவலை. உணவு, மருந்து, பழங்காலப் பொருள் போன்ற சிலது தவிர, வீட்டுப் பொருள் பெரும்பாலும் இதன் கீழ் வந்துவிடும். கையால் செய்தது என்று தனிச் சலுகை கிடையாது.

இதன் பெயர் பொதுப் பொருள் பாதுகாப்பு ரெகுலேஷன், 2023/988. 2024 டிசம்பர் 13 முதல் அமல். அதற்கு முன்னால் இருந்தது 2001/95 என்ற டைரக்டிவ். நாட்டுக்கு நாடு கொஞ்சம் கொஞ்சம் மாறும், சிறு பார்சல்களை அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. டைரக்டிவ் போய் ரெகுலேஷன் வந்ததும் 27 நாட்டுக்கும் ஒரே கதவு, ஒரே பூட்டு. எல்லாத் துறையிலும் இப்போது இந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள். தனிமனிதத் தகவல் பாதுகாப்பும் 1995-இல் டைரக்டிவாக இருந்து, 2018 மே 25 முதல் ரெகுலேஷனாக அமலானது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐரோப்பாவுக்குள் இறக்குமதி செய்து விற்கும் கடைக்காரர் இருந்தால் அவரே பொறுப்பாளர் ஆகலாம். நேராக வீடுகளுக்கு அனுப்புவதாக இருந்தால், அங்கே உள்ள ஒருவரை எழுத்து மூலம் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவருடைய பெயர், தபால் முகவரி, மின்னஞ்சல் மூன்றும் பாயிலோ பொட்டலத்திலோ இருக்க வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். தனித்தனி வீடாகப் போனால் இந்தச் செலவு தாங்காது. தெருவில் நாலு தறிக்காரர் சேர்ந்து ஒரே பிரதிநிதியை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சட்டம் தடுக்கவில்லை.

சாயம் போட்ட பாய் என்றால், ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ரீச் என்ற 1907/2006 ரெகுலேஷனையும் வாங்குபவர் கேட்பார். துணிவகையில் அசோ என்ற செயற்கைச் சாயங்களில் சிலவற்றை அது தடுக்கிறது. சாயம் வாங்கும் கடையில் பில்லும், அந்தச் சாயத்தின் விவரத் தாளும் கேட்டு வாங்கி வையுங்கள்.

முன்னாள் இறால் ஷெட் தொழிலாளி, தூத்துக்குடி:
அண்ணாச்சி, 1997-இல் ஐரோப்பா நம்ம ஊர்ச் சரக்கை வாங்க மாட்டேன் என்றபோது நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். நாளைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள். அது என்ன தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது ஒரு டெசிஷன் தங்கச்சி. 97/515. 1997 ஆகஸ்ட் 1-ஆம் தேதி போட்டது. அன்றைக்குத் துறைமுகத்துப் பக்கம் நானும் இருந்தேன். ஐஸ் வண்டிகள் வரிசையாக நின்றது நினைவிருக்கிறது.

அதற்கு முன்கதை உண்டு. மீன் பொருள்களை எந்தச் சுத்தத்தில் தயாரிக்க வேண்டும் என்று 1991-லேயே 91/493 என்ற டைரக்டிவ் போட்டிருந்தார்கள். ஒன்றியத்து நாடுகளுக்கான டைரக்டிவ்தான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வருவதும் அதற்குச் சமமான சுத்தத்தில் இருக்க வேண்டும். ஆறு வருஷம் அந்தத் தாள் மேஜையில் கிடந்தது. தண்ணீர், ஐஸ், தரை, கை கழுவும் இடம் என்று அதில் இருந்ததெல்லாம் செலவு பிடிக்கிற விஷயம். பல இடங்களில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அவர்களுடைய கால்நடை அதிகாரிகள் இங்கே வந்து ஆலைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் டெசிஷன் விழுந்தது. அந்த வருஷம் டிசம்பரில் தளர்த்தி, தேறிய ஆலைகளுக்கு மட்டும் வழிவிட்டார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இது. அந்தத் தாள் யார் பேருக்கு வந்தது தெரியுமா? உறுப்பு நாடுகளின் பேருக்கு. இந்தியாவிலிருந்து இன்ன சரக்கை உள்ளே விடாதே என்று அவர்களுக்குச் சொன்னது. தூத்துக்குடி என்றோ, உங்கள் ஷெட் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் வேலை போனது உங்களுக்கு. யாரும் உங்களிடம் காரணம் சொல்லவும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதே மாதிரி 2014-லும் வந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் 2014/237 என்ற இம்ப்ளிமென்டிங் டெசிஷன், மே 1 முதல் இந்திய மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பிலை ஐந்தையும் நிறுத்தியது. காரணம் பழ ஈ போன்ற பூச்சிகள். மாம்பழத்துக்கு அடுத்த வருஷமே வழி திறந்தது, காய்களுக்கு இன்னும் தாமதமானது.

டெசிஷன் எல்லாமே நாடுகளுக்குத்தான் போகும் என்றில்லை. 2004-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் போட்டதும் ஒரு டெசிஷன்தான்.

வாசகர், வள்ளியூர்:
ஐரோப்பியக் கவுன்சில், கவுன்சில் ஆஃப் யூரோப் இரண்டும் ஒன்றா?

இல்லை. மொத்தம் மூன்று கவுன்சில் இருக்கிறது, படித்தவர்களே குழம்புவார்கள். நாட்டுத் தலைவர்கள் கூடுவது ஐரோப்பியக் கவுன்சில். அது போகும் திசையைச் சொல்லும், சட்டம் போடாது. துறை அமைச்சர்கள் கூடுவது ஒன்றியத்தின் கவுன்சில். ஆணையம் முன்வைக்கும் சட்டத்தை இதுவும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் சேர்ந்து நிறைவேற்றும். மூன்றாவதான கவுன்சில் ஆஃப் யூரோப் ஒன்றியத்தைச் சேர்ந்ததே இல்லை. 1949-இல் தொடங்கியது, ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது, 46 நாடுகள். ஐரோப்பிய மருந்துத் தர நூல் அங்கிருந்துதான் வருகிறது. அந்த நூலில் வெகுகாலம் "டின்னவெல்லி சென்னா காய்" என்று நம் ஊர்ப் பேரிலேயே ஒரு தனிப் பக்கம் இருந்தது. முதல் தடவை அதைப் பார்த்த அன்று, வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி:
கட்டுப்படுத்தாத பரிந்துரையை எதற்கு எழுத வேண்டும்? காகிதம் வீண்தானே?

அப்படித் தோன்றும் சார். ஆனால் சொல்கிற ஆளைப் பொறுத்துச் சொல்லுக்குக் கனம் வருகிறது. சிறு, நடுத்தர நிறுவனம் என்றால் எது? 250 பேருக்குக் குறைவான ஆட்கள், ஆண்டு விற்றுமுதல் 50 மில்லியன் யூரோவுக்கு மேல் போகக்கூடாது, அல்லது சொத்துக் கணக்கு 43 மில்லியனுக்கு மேல் போகக்கூடாது. இந்த வரையறை 2003/361 என்ற வெறும் ரெகமண்டேஷனில் இருக்கிறது. இன்றைக்கு ஒன்றியத்தின் மானியமோ சலுகையோ எதை எடுத்தாலும் இதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

கிரிமால்டி என்று ஒரு இத்தாலியர், பெல்ஜியத்தில் வேலை பார்த்தவர். கையில் விரல்கள் மடங்கிப்போகும் நோய். தொழிலால் வந்த நோய் என்று ஏற்கக் கேட்டார். அந்நாட்டுப் பட்டியலில் அது இல்லை. ஆணையத்தின் பழைய பரிந்துரைகளைக் காட்டினார். பரிந்துரை நேராக உரிமை தராது, ஆனால் நாட்டு நீதிமன்றங்கள் வழக்கைத் தீர்க்கும்போது அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று 1989-இல் தீர்ப்பு வந்தது.

இதற்கும் முந்திய படியில் இரண்டு தாள் உண்டு. ஒரு விஷயத்தில் எல்லோரிடமும் கருத்துக் கேட்டு வெளியிடுவது பச்சைத் தாள். இன்னதைச் செய்யப்போகிறோம் என்று திட்டம் சொல்வது வெள்ளைத் தாள். இரண்டும் சட்டம் இல்லை. ஆனால் 1985-ஆம் வருஷத்து வெள்ளைத் தாள் ஒன்று, ஏறக்குறைய 300 சட்ட முன்வைப்புகளைப் பட்டியல் போட்டு, 1992-க்குள் ஒரே சந்தை என்று கெடு வைத்தது. அதிலிருந்துதான் இன்றைய ஐரோப்பியச் சந்தையே வந்தது. பச்சைத் தாள் வெளியாகும்போது வெளிநாட்டு ஏற்றுமதிக்காரரும் கருத்து அனுப்பலாம். நம் ஆட்கள் அந்தக் கட்டத்தில் எழுதுவதே இல்லை. எல்லாம் முடிந்து ரெகுலேஷன் ஆனபிறகு வருந்துகிறோம். சங்கங்கள் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முருங்கை விவசாயி, திசையன்விளை:
எங்கள் காயை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏஜெண்ட், "போன சீசனில் இல்லாத பரிசோதனை இந்த சீசனில் கேட்கிறார்கள்" என்று விலையைக் குறைக்கிறார். சட்டம் ஆறு மாதத்தில் மாறுமா, இல்லை ஏமாற்றுகிறாரா?

மாறும். ஏமாற்றுகிறாரா என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

2019/1793 என்று ஒரு இம்ப்ளிமென்டிங் ரெகுலேஷன் இருக்கிறது. பெரிய சட்டத்தின் கீழ் அன்றாட விவரங்களை நிரப்ப ஆணையம் போடும் தாள் இது. நம் ஊரில் சட்டத்தின் கீழ் விதிகள் வருமே, அந்த மாதிரி. இதன் பின்னிணைப்பில் நாடு, பொருள், எந்த நச்சுக்காக, நூற்றுக்கு எத்தனை லாட்டை எல்லையில் சோதிக்க வேண்டும் என்று அட்டவணை இருக்கும். முதல் பின்னிணைப்பில் இருந்தால் எல்லையில் சோதனை கூடும். இரண்டாவதில் இருந்தால், புறப்படும்போதே இங்கே எடுத்த ஆய்வறிக்கையும் அரசுச் சான்றும் கூடவே போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவைக்குக் குறையாமல் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இந்தியா என்ற வரிசையில் கறிவேப்பிலை, வெண்டைக்காய், மிளகாய், எள், முருங்கைக்காய் என்று நம் தோட்டத்துப் பொருள்கள் இருந்திருக்கின்றன. விழுக்காடு ஏறும், இறங்கும், சிலது பட்டியலைவிட்டே போகும்.

யூர்-லெக்ஸில் அந்த எண்ணைப் போட்டு, திருத்தங்கள் எல்லாம் சேர்த்துத் தொகுத்த வடிவத்தை எடுங்கள். தொகுப்பு படிப்பதற்கு மட்டும்தான், சட்டப் பலம் அரசிதழில் வந்த மூலத் தாளுக்கே. ஆனாலும் ஏஜெண்ட் சொல்வதைச் சரிபார்க்க அது போதும். தேடும்போது ஒரு கவனம் வேண்டும். பச்சைக் காய்க்கு உள்ள வரி இலைக்கோ பொடிக்கோ பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் சுங்கக் குறியீட்டு எண் வேறு. உங்கள் ஏஜெண்டிடம் போன சீசன் ஷிப்பிங் பில்லின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள எட்டு இலக்க எண்ணை எனக்கு ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். அட்டவணையில் உங்கள் வரி எது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.